இளகும் தசை! இறுகும் தசை! ஜவ்வாது மலைத் தாய்மாருக்கு வேண்டியது என்ன?

ஜவ்வாது மலையில் ஓர் ஊர். ஊர் என்றால் பத்துப் பதினைந்து வீடுகள். சுற்றிலும் சாமைக் கொல்லை. பலா மரம். புளிய மரம். தார்ச் சாலை வெகு தூரத்திலேயே நின்று விடுகிறது.

அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம். நள்ளிரவில் வயிறு வலிக்கிறது. விட்டு விட்டு வலிக்கிறது. மாமியார் எழுந்து விளக்கைப் போடுகிறாள்.

"சூட்டு வலியாக இருக்கும். சீரகத் தண்ணீர் வைத்துத் தருகிறேன். குடித்தால் போய்விடும்" என்கிறாள்.

போகவில்லை. விடியும் நேரத்தில் வலி நெருங்கி நெருங்கி வருகிறது.

இவள் இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. மலையில் பிள்ளை பெறும் எந்தப் பெண்ணுக்கும் இது நேரலாம். அவள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

சொல் கேட்காத தசை

"கையைத் தூக்கு" என்று நினைத்தால் கை தூக்குகிறது. "நட" என்றால் கால் நடக்கிறது. இவை சொல் கேட்கும் தசைகள்.

உடம்பில் சொல் கேட்காத தசைகளும் உண்டு. சாப்பிட்ட சோற்றை இரைப்பை புரட்டுகிறது. யார் ஏவினார்கள்? யாரும் ஏவவில்லை. இரத்தக் குழாய் சுருங்குகிறது, விரிகிறது. அதையும் யாரும் ஏவவில்லை. இந்தத் தசைக்குப் பள்ளிப் பாடத்தில் மென்தசை என்று பெயர்.

கருப்பையும் மென்தசையால் ஆனதுதான். கர்ப்பம் இல்லாதபோது அது ஒரு கொய்யாப்பழ அளவு இருக்கும். எடை 60, 70 கிராம். நிறைமாதத்தில் அதன் எடை சுமார் 1 கிலோ! குழந்தையைச் சேர்க்காமல், வெறும் பையின் எடை மட்டும் அவ்வளவு!

இந்தப் பைக்கு இரண்டு வேலைகள். இரண்டும் நேர் எதிரான வேலைகள்.

முதல் வேலை, சும்மா இருப்பது. பத்து மாதமும் இளகி, அசையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் குழந்தை உள்ளே வளரும்.

இரண்டாவது வேலை, இறுகுவது. நாள் வந்ததும் முழுப் பலத்தோடு இறுகிக் குழந்தையை வெளியே தள்ள வேண்டும். குழந்தை பிறந்த பிறகும் விடக்கூடாது. கல் மாதிரி இறுகி நிற்க வேண்டும்.

இளக வேண்டிய நேரத்தில் இறுகினால் குறைப்பிரசவம். இறுக வேண்டிய நேரத்தில் இளகினால் இரத்தப்போக்கு. முதலாவது குழந்தைக்கு ஆபத்து. இரண்டாவது தாய்க்கு ஆபத்து.

வெடியில் பிறந்த மருந்து

தசையை இளக வைக்கும் பொருள் எது? அதைக் கண்டுபிடித்த கதை வெடிமருந்தில் தொடங்குகிறது.

கல் குவாரியில் பாறையைப் பிளக்கும் டைனமைட்டைப் பலரும் அறிவார்கள். அதைச் செய்தவர் சுவீடன் நாட்டு ஆல்பிரட் நோபல். ஆண்டு 1867. அதற்குள் இருந்த வெடிப் பொருள் நைட்ரோகிளிசரின்.

அந்தத் தொழிற்சாலைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்களுக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி! காரணம், நைட்ரோகிளிசரின் உடம்பில் ஏறி இரத்தக் குழாய்களை விரித்ததுதான்.

1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் முர்ரெல் இதையே மருந்தாக்கினார். நெஞ்சுவலி நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்தார். வலி குறைந்தது.

கடைசிக் காலத்தில் நோபலுக்கே இருதய நோய் வந்தது. டாக்டர்கள் நைட்ரோகிளிசரின் சாப்பிடச் சொன்னார்கள். தாம் செய்த வெடி தமக்கே மருந்தாக வந்ததைக் கண்டு, அவரே விதியின் வேடிக்கை என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1896-ல் இறந்தார்.

மருந்து வேலை செய்தது. ஆனால் எப்படி வேலை செய்தது? அது நூறு ஆண்டுகளாகப் புரியவில்லை.

1977-ல் அமெரிக்க விஞ்ஞானி பெரீத் முராத் விடை கண்டார். நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் போய் ஒரு வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுதான் தசையை இளக்குகிறது. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு.

மோட்டார் வண்டிப் புகையில் இருக்கும் வாயு அது. மின்னல் வெட்டும்போது ஆகாயத்தில் உண்டாகும் வாயு அது. அதைப் போய் மருந்து என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் மனித உடம்பே அந்த வாயுவைத் தயாரிக்கிறது என்பது 1986-ல் தெரிந்தது. இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து அது வருகிறது. ராபர்ட் பர்ச்காட், லூயி இக்னாரோ என்ற இருவர் இதைச் சொன்னார்கள். இவர்கள் இருவருக்கும் முராத்துக்கும் 1998-ல் பரிசு கிடைத்தது. என்ன பரிசு? நோபல் பரிசு! வெடி செய்தவர் வைத்துப் போன பணம், வெடியின் மர்மத்தை அவிழ்த்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு குழப்பம் வேண்டாம். பல் டாக்டரிடமும் சில பிரசவ அறைகளிலும் வலி தெரியாமல் இருக்கக் கொடுப்பது "சிரிப்பு வாயு". அது நைட்ரஸ் ஆக்சைடு. அது வேறு. இது வேறு.

கருப்பையில் வேறு வழி

நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாயை எப்படி இளக்குகிறது?

தசைக்குள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஏறினால் தசை இறுகும். இறங்கினால் இளகும். நைட்ரிக் ஆக்சைடு தசைக்குள் புகுந்து ஒரு தூதுவனை எழுப்புகிறது. அந்தத் தூதுவன் கால்சியத்தைக் குறைக்கிறான். தசை இளகுகிறது.

கருப்பையிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தார்கள்.

சிசேரியன் அறுவையின்போது தாயின் சம்மதத்தோடு கருப்பைத் தசையில் ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். உடம்புச் சூட்டில் இருக்கும் உப்பு நீரில் அதைத் தொங்க விடுவார்கள். என்ன ஆச்சரியம்! அந்தத் துண்டு தானாகவே வலி எடுப்பது போல் இறுகும். விடும். மறுபடி இறுகும். அதில் நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தை விட்டால் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் நெவாடா பல்கலைக்கழகத்து அயன் பக்ஸ்டன் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். அந்தத் தூதுவனின் வழியை அடைத்தார்கள். அப்போதும் கருப்பை இளகியது! அப்படியானால் கருப்பையில் இந்த வாயு வேறு வழியில் வேலை செய்கிறது என்று பொருள். அது தசையின் புரதங்களில் நேராகப் போய் ஒட்டிக்கொண்டு அவற்றின் போக்கை மாற்றுகிறது என்பது அவர்கள் முடிவு.

குறைமாதத்தில் வலி கண்ட பெண்களின் தசை இந்த வாயுவுக்குச் சரியாக இளகவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதைப் படிக்கும் மாமியார்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். குறைப்பிரசவம் ஆன மருமகளைப் பார்த்து "ராசி இல்லாதவள்" என்கிறார்கள். "மரத்தடியில் போய் நின்றாய், காற்று கறுப்பு அடித்துவிட்டது" என்கிறார்கள். அவள் என்ன செய்வாள்? தசை அவள் சொல்லைக் கேட்பதில்லை. அது இரசாயனத்தின் சொல்லைக் கேட்கிறது.

பத்து மாதமும் கருப்பையை அமைதியாக வைப்பதில் பெரும் பங்கு புரோஜெஸ்டிரான் என்ற சுரப்புக்கு உண்டு. நைட்ரிக் ஆக்சைடுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் கருப்பையின் வழி தனி வழி என்று தெரிந்ததே பெரிய லாபம். தாயின் இரத்த அழுத்தத்தைத் தொடாமல் கருப்பையை மட்டும் இளக்கும் மருந்தை ஒருநாள் செய்யலாம்.

அந்த மருந்து இன்னும் வரவில்லை.

ஒரு நிமிட மருந்து

நைட்ரோகிளிசரினைப் பிரசவ அறையில் இப்போதே பயன்படுத்துகிறார்கள். எப்போது?

குழந்தை கால் முன்னாக வருகிறது. தலை வெளியே வராமல் கருப்பை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அல்லது, நஞ்சுக்கொடி வரும்போது கருப்பையே உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி விடுகிறது. இது மிக அபூர்வம். ஆனால் மிக ஆபத்து. அந்த நேரத்தில் டாக்டர் ஒரு துளி அளவு மருந்தை ஊசியில் ஏற்றுகிறார். ஒரு நிமிடத்தில் கருப்பை இளகும். டாக்டர் வேலையை முடிப்பார். சில நிமிடத்தில் மருந்தின் வேகம் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் இது உதவும் என்று எண்ண வேண்டாம். நஞ்சுக்கொடி வராமல் தங்கிய தாய்மாருக்கு இதைக் கொடுத்துப் பிரிட்டனில் பெரிய சோதனை நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள். 2019-ல் முடிவு வந்தது. பயன் இல்லை!

இன்னொரு எச்சரிக்கை. பல வீடுகளில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி மாத்திரை இருக்கும். நாக்குக்கு அடியில் வைப்பது. அதுவும் இதே வகைதான். "தசையை இளக்குமாமே" என்று அதை எடுத்துக் கர்ப்பிணிக்குக் கொடுத்துவிடக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். இது டாக்டர் கையில் இருக்க வேண்டிய மருந்து.

இரண்டு நாள் கிடைத்தால்...

சரி, மலையில் வலி கண்ட அந்தப் பெண் என்ன ஆனாள்? அவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

குறைமாத வலியை முழுவதும் நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளிப் போடலாம். நிபெடிபின் என்ற மாத்திரை உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பது. அது கால்சியம் தசைக்குள் புகும் வாசலை அடைக்கிறது. பெரும்பாலும் 48 மணி நேரம் வரை பிரசவத்தைத் தள்ளிப் போடும்.

இரண்டே நாள்தானா என்று கேட்கலாம். அந்த இரண்டு நாள் பொன்னான நாள்!

குறைமாதக் குழந்தைக்கு நுரையீரல் முற்றியிருக்காது. மூச்சு விடத் திணறும். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றில் உள்ள குழந்தையின் நுரையீரல் வேகமாக முற்றும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு டாக்டர்கள் 1972-ல் இதை நிரூபித்தார்கள். லிக்கின்ஸ் இதை முதலில் கண்டது ஆட்டுக்குட்டியில்! அந்த ஊசி முழு வேலை செய்ய ஒன்று இரண்டு நாள் வேண்டும். அந்த நேரத்தைத்தான் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறது.

2020-ல் உலகத்தில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 1 கோடியே 34 லட்சம். இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம். இந்த ஊசி விலை மலிந்த ஊசி.

ஆனால் மாத்திரை வாங்கிக் கொடுத்த நேரத்தை மலைப்பாதை தின்றுவிட்டால் என்ன பயன்?

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலைமேல் பெரிய ஊர். அங்கே பஸ் போகிறது. கோடை விழா நடக்கிறது. ஆனால் மலை என்பது ஜமுனாமரத்தூர் மட்டுமா? மலையாளி மக்கள் (இவர்கள் கேரளத்தார் அல்ல; தமிழ் பேசும் மலைவாசிகள்) சிறு சிறு ஊர்களாகச் சிதறி வாழ்கிறார்கள்.

வாணியம்பாடி அருகே நெக்னாமலையில் சாலை இல்லாத காலத்தில் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தி பத்திரிகைகளில் பலமுறை வந்தது. 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. குழந்தை பிழைக்கவில்லை. சாலை இல்லாததால் குழந்தையின் உடலைத் தாயே சுமந்து மலை ஏறினாள். அந்தப் படத்தை நாடே பார்த்தது.

இதே மலையில் காவலூரில் 1986-ல் பெரிய தொலைநோக்கி வைத்தார்கள். அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். கோடானு கோடி மைல் தூரத்து நட்சத்திரம் அதில் தெரிகிறது. நல்லதுதான். பக்கத்துக் குன்றில் வலி கண்ட பெண்ணுக்கு ஒரு வழி தெரிய வேண்டாமா?

இறுகாத கருப்பை

குறைமாத வலிக்காவது இரண்டு நாள் தவணை உண்டு. இரத்தப்போக்குக்கு அதுவும் இல்லை.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளிவந்ததும் அந்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கும். அடைப்பது யார்? கருப்பைத் தசைதான். தசை நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, குழாய்களைச் சுற்றி ஓடுகின்றன. தசை இறுகினால் ஒவ்வொரு குழாய்க்கும் சுருக்குப் போட்டது போல் ஆகும். இளகிக் கிடந்தால் இரத்தம் கொட்டும். உடம்பில் இருப்பதே ஐந்தாறு லிட்டர்தான். கணக்கைப் போட்டுக் கொள்ளலாம்.

இதற்குத் தடுப்பு உண்டு. ஆக்சிடோசின் ஊசி. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போட வேண்டும். குழந்தைக்கு உடனே பால் கொடுத்தாலும் தாயின் உடம்பில் இதே பொருள் சுரக்கும். அதனால் கருப்பை இறுகும். சீம்பாலைக் கறந்து கொட்டும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதே ஊசியைப் பிரசவத்துக்கு முன்னால் "வலி ஊசி" என்று வீட்டில் போடுகிறவர்கள் உண்டு. அது பெரும் தவறு. கருப்பையே கிழிந்து போகலாம். ஊசி ஒன்றுதான், போடும் நேரம்தான் உயிரையும் சாவையும் பிரிக்கிறது.

இன்னொரு சங்கடம். ஆக்சிடோசினைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். வெயிலில் கெட்டுவிடும். கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்! மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் மலையில் இது பெரிய சோதனை.

வெயிலைத் தாங்கும் கார்பெடோசின் என்ற மருந்து இருக்கிறது. இந்தியா உள்பட 10 நாடுகளில் சுமார் 30 ஆயிரம் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்குச் சமம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அறிவித்தது. மிசோபிராஸ்டால் மாத்திரைக்கும் குளிர்ப்பெட்டி வேண்டாம். மலையில் பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு நர்சின் பையிலும் இவற்றில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

அடுப்பு இருக்கிறதா?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது என்று 2019-21 குடும்ப நலக் கணக்கு சொல்கிறது. 2018-20 கணக்குப்படி இந்தியாவில் லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. பெருமைப்பட வேண்டிய கணக்கு. ஆனால் சராசரிக் கணக்கு மலை ஏறாது. மலைமேல் இருக்கும் பத்து வீட்டு ஊர் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிக்குக்கூட வராது.

சாலை வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வனத்துறை அனுமதி, பாறை, பணம் என்று சாலைக்கு ஆண்டுகள் ஆகும். வயிற்றுப் பிள்ளை அதுவரை காத்திராது.

ஆகவே பெண் முன்னதாகவே இறங்கி வர வேண்டும். நாள் நெருங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து தங்கிவிட வேண்டும். இதற்காக மலைப்பகுதி சுகாதார நிலையங்கள் சிலவற்றில் "பிரசவக் காத்திருப்பு அறை" என்று அரசாங்கம் வைத்திருக்கிறது. மிக நல்ல யோசனை. எல்லா மலையடிவாரத்திலும் அது வேண்டும். முன்பு குறைப்பிரசவம் ஆனவள், இரட்டைப் பிள்ளைக்காரி, இரத்தம் குறைந்தவள் ஆகியோர் எட்டாம் மாதம் பிறக்கும் முன்பே அங்கே வர வேண்டும்.

"கூப்பிட்டாலும் இவர்கள் வருவதில்லை" என்று மலைமக்கள் மேல் குற்றம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. அவள் ஏன் வருவதில்லை?

வந்தால் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? ஆட்டை யார் ஓட்டுவது? கூட வரும் மாமியார் எங்கே படுப்பது? புருஷனுக்கு அன்றாடக் கூலி போனால் யார் கொடுப்பார்கள்? ஆஸ்பத்திரியில் போடும் சோறு கர்ப்பிணிக்கு மட்டும்தான் என்றால், உடன் வந்தவள் பட்டினி கிடப்பதா?

ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டால் அது அறை ஆகிவிடாது. மூத்த பிள்ளைக்கும் பாய் வேண்டும். துணைக்கு வந்தவளுக்கும் சோறு வேண்டும். புருஷன் வந்து போக பஸ் செலவு வேண்டும். அவள் சாமையும் கீரையும் கொண்டு வந்து தானே பொங்கிச் சாப்பிட, அந்த அறைக்குப் பின்னால் ஓர் அடுப்பு வேண்டும்.